மாமன் மூஞ்சி ஒடைஞ்சிருச்சு

“மாமன் மூஞ்சி ஒடைஞ்சிருச்சு பாய்... சுத்தமா ஒடைஞ்சிருச்சு! மத்தவுக எல்லாரும் நல்லா இருக்காக. மாமன் ஒருத்தருதான் செங்கல் அடுக்குன மாதிரி நிக்கிறாரு!”

செல்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நாகஜோதி பதறினாள். கம்பம் மெயின் ரோட்டில் இருக்கும் பிளெக்ஸ் அச்சகத்தில் அவள்தான் டிசைனர். மறுமுனையில் முதலாளி சேக் பரீத். பிளெக்ஸ் ரோல் வாங்கத் தேனிக்குப் போனவர், அங்கிருந்தே தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒடையலையே... முழுசாத்தானே இருக்கு?”

பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினாள்.

வாசலில் ஒருவன் நின்றிருந்தான். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட... ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி. மேற்கு மலையில் பிடித்த சாரல் அவனோடு சேர்ந்தே கடைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. இமை நுனியில் ஒரு துளி நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். கோபமாகத்தான் வந்திருக்கின்றன... ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபம் பழக்கமில்லை. கடன் வாங்கி வந்த கோபம்.

‘யார் இது? இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே...’

பார்த்திருக்கிறாள். காலையில்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, இருபது அடி அகலத்தில், கட்டம் கட்டமாக!

“நீங்க... அந்த மாமனா?” என்றாள்.

“ஆமாங்க. சூரியபிரகாஷ். ஒடைஞ்சு போனதா நீங்க ஊரெல்லாம் சொல்றீகளே... அந்த மூஞ்சி இதுதான்.”

பிளெக்ஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு அது சாதாரண வார்த்தை. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகப் பிரியும். அதைத்தான் ‘படம் உடைகிறது’ என்பார்கள். அந்த வார்த்தை தொழிலுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்று நாகஜோதி அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காதணி விழா. சூரியபிரகாஷின் அக்கா பவானியைக் கம்பத்தில் சீனிச்சாமி என்பவரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பவானியின் மூன்று வயது மகள் சினேகாவுக்குத்தான் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அவன் வீட்டுச் சீர் முன்னால் வர வேண்டும். பேனரிலும் அப்படித்தான்... குழந்தைக்கு வலப்பக்கம் மாமன் முகம், மற்ற எல்லா முகத்தையும் விடப் பெரிதாக. இந்தப் பக்கத்து ஊர்களில் அது வெறும் படம் இல்லை. ஒரு வீட்டின் மரியாதை அங்கே நிற்கிறது.

அந்த மரியாதைதான் இப்போது கட்டம் கட்டமாக நின்றது.

“நான் ஒண்ணு கேக்கலாமா?” அவன் இரண்டடி உள்ளே வந்தான். “சீனிச்சாமி மாமா குடும்பத்துல பதினோரு பேரு. பதினோரு மூஞ்சியும் கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க வீட்டு ஆள் நான் ஒருத்தன். என் மூஞ்சி மட்டும் எப்படி இப்படி ஆச்சு? யார் சொல்லிங்க இப்படிப் பண்ணுனீக?”

சுருக்கென்றது அவளுக்கு.

“யாரும் சொல்லலைங்க.”

“அப்ப தானா ஒடைஞ்சுதாக்கும்?”

“இங்க பாருங்க... தப்பு நடந்திருக்கு. அது என் தப்பு. திட்டணும்னா திட்டிக்கங்க. ஆனா ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் மூஞ்சிய அழிக்கிற வேலைய எங்கப்பா எனக்குக் கத்துக்கொடுக்கல!”

 கண்ணில் நீர் முட்டியது. ஆனால் விழவில்லை... விழ விடமாட்டாள். நிமிர்ந்து நின்றாள்.

 கடன் வாங்கி வந்த கோபம், கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விட்டது போலிருந்தது.

“சரிங்க... எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. நான் போய் எங்கய்யாகிட்ட சொல்லணும்.”

அங்கேதான் சிக்கல். எப்படி ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது.

அவள் மேசைக்குத் திரும்பினாள். புது மானிட்டர் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பத்து நாளைக்கு முன்புதான் பரீத் பாய் ஆசையாக வாங்கி வந்தார். ஃபோர்-கே. பழையதைவிட நான்கு மடங்கு புள்ளிகள். “ஜோதி, இதுல பாத்தா ஆளோட தலைமயிர எண்ணலாம் தாயி!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். தலைமயிர் இருக்கட்டும்... அவர்களிடம் இருந்த பழைய போட்டோ சாப்ட்வேரின் மெனு எழுத்து அதில் எறும்புபோல் ஆகிவிட்டது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலி வந்ததுதான் மிச்சம். நான்காம் நாள் இணையத்தில் தேடி, ஏதோ ஓர் இடத்தில் டிக் போட்டாள். எழுத்து பெரிதாகிவிட்டது. நிம்மதி!

பேனர் கோப்பைத் திறந்தாள்.

திரையில் பன்னிரண்டு முகங்கள். குழந்தையோடு பதின்மூன்று.

“இதுல பாருங்க. இதுல உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு.”

அவன் குனிந்தான். அவளுடைய நாற்காலிக்குப் பின்னால்... மழையும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசம் அவளைச் சுற்றி வந்து நின்றது. 

“நல்லா இல்லைங்களே... மங்கலா இருக்கு.”

“எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான் தெரியுவாக. மானிட்டர் அப்படி. ஈரத் துணியால தொடைச்ச கண்ணாடி மாதிரி... பழகிருச்சு.”

“இருங்க இருங்க...” அவன் குரல் சட்டென்று மாறியது. “மெனு எழுத்து பெருசா இருக்கே. நீங்க பெருசாக்குனீகளா?”

“ஆமா. ஏன்?”

“எங்க எஸ்டேட் ஆபீஸ்லயும் இதே கூத்துதாங்க! நான் மேகமலையில பீல்டு ஆபீசர். புது லேப்டாப் வந்துச்சு. எஸ்டேட் மேப் பாக்குற சாப்ட்வேர் பழசு. எழுத்து தெரியலைன்னு இதே டிக்கைப் போட்டோம்... மேப்புல ஒரு ஓடையே காணாமப் போச்சு!”

“ஓடையா?”

“ஆமாங்க. சாப்ட்வேரு அது பாட்டுக்குப் பழைய அளவுல சின்னதா வரையும். கம்ப்யூட்டர் அதை அப்படியே இழுத்துப் பெருசாக்கிக் காட்டும். எழுத்து மட்டும் இல்ல, படமும் சேந்து இழுபடும். எல்லாமே மங்கல். அந்த டிக்கை எடுங்க... எடுங்களேன்!”

அவன் அவசரத்தில் மௌஸைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் கை அங்கே இருந்தது. தொட்டும் தொடாமலும்... இருவரும் ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொள்ள, மௌஸ் மேசையிலிருந்து தொங்கி ஊசலாடியது.

“நீங்களே எடுங்க...” என்றான் காது சிவந்துபோய்.

டிக்கை எடுத்தாள். சாப்ட்வேரை மூடித் திறந்தாள்.

மெனு எறும்பானது. ஆனால் படம்... அம்மாடி! சீனிச்சாமியின் மீசையில் ஒவ்வொரு நரையும் தனித்தனியாக நின்றது. குழந்தையின் கன்னத்து மை துல்லியமாகத் தெரிந்தது. மாமன் இருந்த இடத்தில் மட்டும் சதுரம் சதுரமாக ஒரு மனிதன். இரண்டு கறுப்புக் கட்டம் கண். ஒரு பழுப்புக் கட்டம் மூக்கு.

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான்.

“மூக்கு நல்லா வந்திருக்குங்க,” என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. அவனும் சிரித்துவிட்டான். இமை நுனியில் அவ்வளவு நேரமாக நின்றிருந்த துளி அப்போதுதான் விழுந்தது.

“எல்லாரும் மங்கலா இருந்தாக... அதனால நீங்க நெசமாவே மங்கல்னு எனக்குத் தெரியல.” அவள் மெதுவாகச் சொன்னாள். “திரைதான் அப்படின்னு நினைச்சுட்டேன். உங்க படம் மட்டும் வாட்ஸப் டிபில இருந்து எடுத்த சின்னப் படம். சீனிச்சாமி ஐயா அதைத்தான் குடுத்தாக. வேற இல்லையான்னு நான் கேட்டிருக்கணும்.”

“மலையில எனக்கு டவர் கெடைக்காதுங்க. கேட்டிருந்தாலும் அனுப்பியிருக்க முடியாது.”

“வீட்டுல கேட்டிருக்கலாமே?”

அவன் சிரிப்பு மறைந்தது. “அதுதாங்க எங்கய்யாவோட கோபமே...”

அவன் செல்பேசி அலறியது. அக்கா பவானி. ஒலி அதிகமாக இருந்ததால் அவள் அழுகை கடை முழுதும் கேட்டது.

“தம்பி... அப்பா சீரும் வராது, மாமனும் வரமாட்டான்னு சொல்லிட்டாகடா! இங்க எங்க மாமனாரு, ‘வரலைன்னா போகட்டும், வேற ஆள் மடியில ஒக்கார வச்சுக் குத்திக்கிறோம்’னு குதிக்கிறாரு. அப்படி மட்டும் நடந்துச்சுன்னா அதோட நம்ம வீட்டு வாசப்படி எனக்கு இல்லடா... நான் எங்கடா போவேன்?”

“அக்கா, அழாத. அய்யா அப்படிச் சொல்ற அளவுக்கு என்ன ஆச்சு?”

“எங்க மாமனாரு போன் போட்டாரு. ‘சம்பந்தி, ஒங்க மகன் மூஞ்சி ஒடைஞ்சிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதாம்’னாரு. அப்பாவுக்கு அவ்வளவுதான்... ‘என் மகன் மூஞ்சிய ஒடைச்சிட்டு எனக்கே போன் போட்டுச் சொல்றானா’ன்னு கட் பண்ணிட்டாக!”

நாகஜோதிக்கு உச்சந்தலையில் இடி இறங்கியது.

அந்த வார்த்தை அவளுடையது. காலையில் சீனிச்சாமி கேட்டபோது, பழக்கதோஷத்தில் அவள்தான் அப்படியே சொன்னாள். “மாமன் மூஞ்சி ஒடைஞ்சிருச்சுங்கய்யா, ஒண்ணும் பண்ண முடியாது.” அவர் அதை அட்சரம் பிசகாமல் சம்பந்திக்குச் சொல்லியிருக்கிறார்!

பரீத் பாய் மறுபடி அழைத்தார். “ஜோதி, மிஷின் ரிப்பேருன்னு சொல்லீரு தாயி. வம்புல மாட்டிக்காத.”

“மிஷின் மேல பழி போட்டா ஒரு குடும்பம் ஒடையும் பாய்,” என்றாள். நிமிர்ந்து சூரியபிரகாஷைப் பார்த்தாள். “உங்க வீடு எங்கங்க?”

“சின்னமனூரு. எதுக்கு?”

“நான் வந்து உங்கய்யாகிட்ட சொல்றேன்.”

“நீங்களா? எங்கய்யாவை உங்களுக்குத் தெரியாதுங்க... ஊர்ப் பஞ்சாயத்துலயே அவுகளை எதிர்த்துப் பேச ஆள் கெடையாது!”

“எதிர்த்துப் பேச வரலைங்க. படம் கேக்க வர்றேன்.”

அவன் அவளையே பார்த்தான். முதன்முதலாகப் பார்ப்பது போல... ஒரு டிக்கை எடுத்ததும் திரை தெளிந்ததே, அப்படி ஏதோ ஒன்று அந்தக் கண்களில் தெளிந்தது. 

அரை மணி நேரத்தில் அவளுடைய அப்பா வீரணனின் ஜீப் கடை வாசலுக்கு வந்தது. தினமும் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். வயசுப் பெண் தனியாக முன்பின் தெரியாத வீட்டுக்குப் போவதாவது? அப்பா கூட வந்தால்தான் போவேன் என்று அவளே சொல்லிவிட்டாள். மானிட்டரைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டாள். சிபியு வாழைக்காய் அட்டைப்பெட்டிக்குள் ஏறியது, கூடவே கடைக் கேமராவும்.

முன்னால் அவன் பைக். பின்னால் ஜீப். உத்தமபாளையம் தாண்டியதும் சாரல் மழையாகி, வயல் பச்சை எல்லாம் கண்ணாடியில் வழிந்து ஓடியது. பைக்கின் பக்கக் கண்ணாடி மட்டும் அடிக்கடி திரும்பித் திரும்பிச் சரியானது.

“அந்தத் தம்பி ரோட்டைப் பாத்து ஓட்டுனா நல்லாருக்கும்,” என்றார் வீரணன், தானாகப் பேசுவதுபோல்.

நாகஜோதி மானிட்டரை இறுக்கிக்கொண்டு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்தாள். ரொம்ப மும்முரமாக.

சின்னமனூர் வீட்டில், சூரியபிரகாஷின் அப்பா முத்துராமலிங்கம் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு நாற்காலியில் சாயவில்லை. வந்தவர்களைப் பார்த்து எழுந்து, வீரணனுக்குக் கைகூப்பி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் கோபத்தை எடுத்துக்கொண்டார். வீடு தேடி வந்தவரை நிற்க வைத்துப் பேசும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

“சொல்லுத்தா. என்ன விசயமா வந்திருக்க?”

“ஐயா... நான் அந்த பேனர் செஞ்ச பொண்ணு. மாமன் படம் கேட்டு வந்திருக்கேன்.”

 மழை மட்டும் ஓட்டில் பேசியது.

அவர் பார்வை சற்றுத் தளர்ந்தது... உடனே இறுகியது. “இதைக் கேக்க வேண்டியவரு எங்க சம்பந்தி. வெத்தலை பாக்கோட வந்து, ‘மாமன் படம் குடுங்க’ன்னு இதே கூடத்துல ஒக்காந்து கேட்டிருக்கணும். போன்ல கெடந்ததைப் பெறக்கிப் போட்டிருக்காக. அதையும் ஒடைச்சுப் போட்டிருக்காக.”

“ஒடைச்சது அவுக இல்லைங்கய்யா. நான். அந்த வார்த்தையும் என்னோடதுதான். எங்க தொழில்ல படம் கெட்டுப்போனா அப்படிச் சொல்லுவோம். அதை அவுக அப்படியே உங்ககிட்ட சொல்லிட்டாக. அவுக மனசுல ஒண்ணும் இல்ல.”

“கண்ணு தெரிஞ்ச பொண்ணுக்கு என் மகன் மூஞ்சி கெட்டிருக்கிறது தெரியலையா?”

“காட்டுறேங்கய்யா... நான் பாத்தது எதுன்னு நீங்களே பாருங்க.”

சூரியபிரகாஷ் ஓடிப்போய் வயரை இழுத்தான். மானிட்டர் கூடத்து மேசையில் ஏறியது. நாகஜோதி அந்தப் பழைய டிக்கை மறுபடி போட்டு, பேனரைத் திறந்தாள். முத்துராமலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“ஒரு மூஞ்சியும் வெளங்கலையே. யாரு இந்தாளு? புகைக்குள்ள நிக்கிற மாதிரி...”

“அது உங்க சம்பந்திங்கய்யா.”

“சீனிச்சாமியா!” அவர் இன்னும் குனிந்தார். “மீசை எங்க போச்சு?”

“இருக்குங்கய்யா. இந்தத் திரையில தெரியல. ஆறேழு நாளா நான் எல்லாரையும் இப்படித்தான் பாத்தேன். பன்னெண்டு பேரும் மங்கலா இருந்தா, அதுல ஒருத்தர் நெசமா மங்கல்னு எப்படிங்கய்யா கண்டுபிடிப்பேன்? இருந்தாலும் தப்பு என்னோடதுதான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூஞ்சியையும் பெருசாக்கிப் பாத்திருக்கணும். பாக்கல. அதுக்காகத்தான் நேர்ல வந்தேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாக்குச் சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தப்பை மடியில் வைத்துக்கொண்டு பதினைந்து மைல் மழையில் வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

“எனக்கும் காலையில இருந்து சீனிச்சாமி இப்படித்தான் தெரிஞ்சிருக்கான்,” என்றார் கடைசியில். மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். “ஏலே சூரியா! நின்னுக்கிட்டு என்ன பாக்குற? போய் வேட்டி சட்டை மாத்திட்டு வா. நம்ம வீட்டு மாமன் படம் இந்தப் புள்ளைக்கு வேணுமாம்.”

நாகஜோதிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. கேமராவை எடுத்தாள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஜன்னல் வழியே மழை வெளிச்சம் அவன் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது.

“கேமராவைப் பாருங்க,” என்றாள்.

“பாக்குறேன்.”

“கேமராவைப் பாக்கலைங்க நீங்க.”

“கேமரா எந்தப் பக்கம் இருக்கு?”

“என் கையில!”

“அப்ப சரியாத்தான் பாக்குறேன்...”

முத்துராமலிங்கம் கனைத்தார். ஒரே ஒரு கனைப்பு. அவன் கண் சட்டென்று கேமராவுக்கு வந்தது... ஆனால் அதற்குள் அவள் விரல் அழுத்திவிட்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை முழுதும் அச்சகத்தில் அவள் அந்தப் படத்தோடுதான் இருந்தாள். மெனு எறும்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். படம் நிஜமாக இருக்க வேண்டும். இருநூறு சதம் பெரிதாக்கினாள். நானூறு. புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. கீழுதட்டின் ஓரத்தில் அடக்கி வைத்த சிரிப்பு. இன்னும் பெரிதாக்கினாள்... அவன் கண்ணின் கறுப்புக்குள் ஒரு ஜன்னல். ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவைப் பிடித்து நிற்கும் ஒரு பெண்.

அவளேதான்.

“ஏம்மா ஜோதி, ஒரு மூஞ்சிக்கு நாலு மணி நேரமா?” என்றார் பரீத் பாய்.

“தரம் முக்கியம் பாய்!”

“மூஞ்சி சிவந்திருக்கே... மானிட்டர் சூடாயிருச்சா?”

மதியம் பேனர் தயாராகிப் போய்விட்டது. சீனிச்சாமியே வந்து பார்த்து, சின்னமனூரில் நடந்ததை அவள் சொல்லக் கேட்டுத் தலையாட்டினார். அவர் அன்று மாலையே வெற்றிலை பாக்கோடு சின்னமனூருக்குக் கிளம்பினார் என்றும் தகவல் வந்தது.

ஆனால் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

எண் அவனிடம் இருக்கிறது. டவர் கிடைக்கும் சின்னமனூரில்தான் இருக்கிறான். மூன்று மணி... ஐந்து மணி... ஏழு மணி. ஒரு ‘நன்றி’கூட வரவில்லை. ‘படம் வேண்டியிருந்தது, வாங்கியாயிற்று... அவ்வளவுதானே? வேலை செய்தவளோடு வேறென்ன பேச்சு?’  ‘நானாகவா கூப்பிடுவேன்? மாட்டேன்!’

ஞாயிற்றுக்கிழமை. பேனர் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் பரீத் பாயோடு அப்பாவின் ஜீப்பில் போனாள்... அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பாவாடையும் தாவணியும் அதற்குத் தேவையா என்று யாரும் கேட்கவில்லை.

மண்டப வாசலில் இருபதடி அகலத்துக்குச் சினேகா சிரித்தாள். அவளுக்கு வலப்பக்கம் மாமன். மழை வெளிச்சம் விழுந்த கன்னத்தோடு, எல்லாரையும் விடப் பெரிதாக. நின்று பார்க்காமல் ஒருவரும் உள்ளே போகவில்லை.

மேளம் முழங்கியது. சின்னமனூர்ச் சீர் வந்துவிட்டது! நாற்பத்தொரு தட்டுகள். முன்னால் நிமிர்ந்த முதுகோடு முத்துராமலிங்கம். சீனிச்சாமி வாசலுக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பவானி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சூரியபிரகாஷ் பட்டு வேட்டியில் வந்தான். நாகஜோதி தூண் ஓரம் நின்றாள். அவன் அவளைக் கடந்தான்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் மடியில் குழந்தை உட்கார்ந்தாள். ஆசாரி குனிந்தார். ஒரு வீறிடல்... இன்னொரு வீறிடல்... குலவைச் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. பவானிக்குப் பிறந்த வீட்டு வாசப்படி பத்திரமாக இருந்தது. அது போதும். அதற்காகத்தானே இத்தனையும்?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மறுபடி தூறல்.

“ஏங்க! நாகஜோதி! நில்லுங்க!”

பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்தான் அவன். சட்டையில் குழந்தையின் கண்ணீர் ஈரமாக இருந்தது.

“போயிட்டீகன்னா என்னாகும் என் கதி?”

“உங்களுக்கென்னங்க... படம் நல்லா வந்திருச்சு. வேலை முடிஞ்சிருச்சு.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே மேளக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அவன் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“எங்கய்யா சொல்லிட்டாகங்க! ‘அது நம்ம வீட்டுக்கு வேலையா, கவுரவமா வந்த புள்ள. வேலை முடிஞ்சு காது குத்து முடியிற வரைக்கும் நீ அதுகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசுனா அந்தப் புள்ள வந்ததுக்கே வேற பேரு வந்துரும்’னு! நேத்து முழுக்கப் போனைக் கையில வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே...”

அவள் திரும்பினாள். “அதுக்காகவா பாக்காமப் போனீக?”

“பாத்தா பேசீருவேங்க!”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்ணீரோடு.

“இப்பக் குத்தியாச்சு,” என்றான் அவசரமாக. “அங்கன பாருங்க... உங்கப்பா ஜீப்புக்கிட்ட.”

பார்த்தாள். தூறலில் ஜீப்பின் படுதாவுக்குக் கீழே முத்துராமலிங்கமும் வீரணனும் நின்றிருந்தார்கள். பெரியவர் கையில் ஒரு தட்டு. வீரணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா, உங்க வீட்டுக்கு வரலாமான்னு கேக்கப் போயிருக்காக. நான்தான் கேக்கச் சொன்னேன். ஆனா உங்களைக் கேக்காம நான் கேக்கச் சொன்னது தப்பு! உங்கப்பா பதில் சொல்றதுக்குள்ள நீங்க சொல்லிருங்க. வேணாம்னா இப்பவே ஓடிப்போய் நிறுத்தீருவேன். எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க. எங்கய்யா முன்னாடி நின்னு, தப்பு என்னோடதுன்னு சொன்னீகளே... அப்பவே! உங்களுக்கு?”

மேளம் உச்சத்தில் இருந்தது. அவள் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

“என்ன? கேக்கல!”

கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

“மேளம்ங்க... ஒண்ணுமே கேக்கல!”

அவன் முகத்தில் தெரிந்த தவிப்பைப் பார்த்து அவளுக்கு வெட்கம், கோபம், ஆசை எல்லாம் ஒன்றாக ஏறியது. மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழிய...

“எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு!”

சரியாக அந்த நொடியில் மேளம் நின்றது.

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் வாசலுக்குத் திரும்பியது. பவானி வாயில் கை வைத்தாள். பரீத் பாய் கையில் இருந்த பாயசம் சட்டையில் சிந்தியது. நாகஜோதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் தூறல்... தூறலுக்கு அப்பால் அவன் முகம், அப்படியே மலர்ந்துபோய்...

ஜீப் பக்கம் முத்துராமலிங்கம் மெல்லக் கனைத்தார். தட்டை வீரணனின் கையில் வைத்தார்.

“அப்புறம் என்ன... எந்தக் கிழமை வரட்டும்?”